பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம்

டீச்சரக்கா தெருவில் நடக்கும்போது தரையைப் பார்க்க மாட்டார். ஓட்டு விளிம்பு, சன்ஷேடு, உத்தரம் சுவருக்குள் நுழையும் இடம் என்று அவர் கண் ஒவ்வொரு வீட்டின் தலையையும் தடவிக்கொண்டே போகும். அதனால் கல் தடுக்கி அடிக்கடி செருப்பு வார் அறுந்துவிடும். ஒரு கையில் அறுந்த செருப்பும் மறு கையில் பல்பமுமாக அவர் பால்வாடிக்குப் போவது திருக்கோவிலூரில் எங்கள் தெருவுக்குப் பழகிப்போன காட்சி.

பல்பம் பால்வாடிப் பிள்ளைகளுக்கு வாங்கியது. ஆனால் அதில் பாதி எங்கள் தெருச் சுவர்களில்தான் தேய்ந்தது. எந்தச் சுவரிலாவது விரிசல் கண்டால், அது முடிகிற இடத்தில் குறுக்கே சின்னதாக ஒரு கோடு போடுவார். அடுத்த வாரம் வந்து பார்ப்பார். விரிசல் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்.

"அண்ணே, உங்க பின்கட்டு சொவுரு ஒரு வெரல் நீளம் ஓடியிருக்குது. நான் சொல்லிட்டேன். அப்பால சொல்லலன்னு சொல்லாதீங்க."

பத்துக்கு எட்டு முறை அவர் சொன்னது நடக்காது. ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் மரப்பலகை போட்ட மாடித்தளத்தில் ஏறிப் படுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஏணியை மறித்துக்கொண்டு நின்றார். பெண்ணின் சித்தப்பா அவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். அவ்வளவு பேரும் மேலே படுத்தார்கள், எழுந்தார்கள், சாப்பிட்டார்கள், கல்யாணம் நன்றாகவே நடந்தது. இன்னொரு முறை துணிக்கடைக்காரர் வீட்டுச் சன்ஷேடைக் காட்டி, "கம்பி துருப்பிடிச்சி வெளிய தெரியுது, கீழ மாடு கட்டாதீங்க" என்றார். பத்தே நாளில் அது விழுந்து மாட்டின் முதுகு உடைந்தது. எட்டு முறை நடக்காததை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மாடு மட்டும் நினைவில் நின்றது. "அந்தம்மா வாய் வச்சா வுழுந்துடும்" என்று பேசிக்கொண்டார்கள். அவர் வருவது தெரிந்தால் சிலர் கதவைச் சாத்தினார்கள்.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஒடிசலான உடம்பு. கணவர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். பிள்ளைகள் இல்லை. பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெருவுக்கு அவர் டீச்சர், எனக்கு டீச்சரக்கா.

நாங்கள் அந்தத் தெருவுக்குப் புதியவர்கள். நான் எலவனாசூர்கோட்டையில் பிறந்தவள். திருக்கோவிலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். என் கணவருக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு விதைக்கடையில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவார். தெருக்கோடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தபோதுதான் அந்த மனையைப் பார்த்தோம். எண்பதுகளின் கடைசி அது.

தெருவில் ஒரு வரிசை முழுக்க ஓட்டு வீடுகள். எல்லாம் ஒரே உயரம், ஒரே சரிவு. ஒரு வீட்டின் பக்கச்சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் பக்கச்சுவர். வரிசையின் நடுவில் ஒரு வீடு மட்டும் இல்லை. அந்த இடத்தில் எருக்கஞ்செடியும் உடைந்த ஓடும் கிடந்தன. பதினாறடி அகலம், எழுபதடி நீளம்.

"பழைய வூடுங்க. மழையில தானா வுழுந்துபோச்சு. வில்லங்கம் ஒண்ணும் கெடையாது," என்றார் புரோக்கர்.

மனையின் தெற்குச் சுவர் டீச்சரக்காவுடையது. மண்சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர். எங்கள் பக்கம் வீடு விழுந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு வருடம் மழையிலும் வெயிலிலும் அம்மணமாக நின்ற சுவர்.

என் கணவர் பாண்டிச்சேரியில் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தார். முன்பக்கம் வளைந்து வரும் பால்கனி, அதன் மேல் காங்கிரீட்டில் பெரிய வட்டம், ரோஸும் பச்சையுமாகப் பெயிண்ட். அதை அப்படியே அந்தப் பதினாறடிக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கான்ட்ராக்டர் கொண்டுவந்த படத்தை எதிர்வீட்டு மளிகைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வரிசையா பல்லு மாதிரி இருக்குது எங்க தெரு. நடுவுல நீங்க தங்கப்பல்லு கட்டறீங்க," என்றார்.

"இருக்கட்டும் பெரியவரே. சிரிச்சா மொதல்ல தங்கப்பல்லுதான் தெரியும்," என்று சொல்லிவிட்டு என் கணவர் சிரித்தார்.

தெருவில் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். தேர் வரும் தெருவில் இவ்வளவு உயரம் கூடாது என்றார்கள் சிலர். இனி எல்லாரும் இப்படித்தான் கட்டப்போகிறோம் என்றார்கள் இளவட்டங்கள். டீச்சரக்கா மட்டும் பால்கனியைப் பற்றிப் பேசவே இல்லை. படத்தைக் கையில் வாங்கி, அதில் தன் சுவர் வருகிற கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"அழகப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. உங்க வூடு, உங்க இஷ்டம். ஆனா இந்தத் தெருவுல ஒரு வூடும் தனியா நிக்கல. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிக்கினுதான் நிக்குது. நடுவுல ஒண்ணு போனதுலேர்ந்து என் சொவுத்துக்கு சாயறதுக்கு ஆளில்ல. அது பக்கத்துல ஆழமா தோண்டப் போறீங்க. ஒரு குழி தோண்டுங்க, காங்கிரீட்டு போட்டு மூடுங்க, அப்பால அடுத்த குழி தோண்டுங்க. மொத்தமா தோண்டாதீங்க. நான் சொல்லிட்டேன்."

கான்ட்ராக்டர், "டீச்சர், நான் நூறு வூடு கட்டினவன்," என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரிங்க, ஒண்ணொண்ணாவே தோண்டறோம்," என்று ஒப்புக்கொண்டார்.

அதோடு டீச்சரக்கா விடவில்லை. தன் வீட்டுக்குள் அந்தச் சுவரில் இருந்த ஒவ்வொரு விரிசலின் மேலும் மைதாப் பசையால் காகிதத் துண்டு ஒட்டினார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் காகிதம் கிழிந்து காட்டிக்கொடுக்குமாம். பால்வாடிக்குப் போகும்போதும் வரும்போதும் என்னிடம் வந்து நிற்பார். "எங்க ஓட்டுத்தண்ணி உங்க மொட்டமாடி சொவுத்துல மோதி எங்க போவும்?" என்பார். "உங்க பீமை என் சொவுத்துல சொருகிடப் போறாங்க, பாத்துக்கோம்மா," என்பார். எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளை பிறப்பதற்குள் ஒரு அறையாவது கூரை போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன். அவர் போன பிறகு நானும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நகர்கிறதா, நிற்கிறதா என்று தெரியாது. பார்க்கப் பார்க்க நகர்வது போலவே இருக்கும்.

முதல் குழி அவர் சொன்னபடிதான் தோண்டினார்கள். பிறகு கான்ட்ராக்டருக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து கலவை மெஷின் ஒரே ஒரு நாளைக்குக் கிடைத்தது. மெஷின் வருவதற்குள் எல்லாக் குழியும் தயாராக வேண்டும் என்று ஆட்களை இரட்டிப்பாக்கி, டீச்சரக்கா சுவரை ஒட்டி மீதி நான்கு குழிகளையும் ஒன்றாகத் தோண்ட ஆரம்பித்தார். என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். நான் லீவு போட்டுவிட்டு மனையில் நின்றேன். கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஐந்து பெண்கள் மண் சுமந்துகொண்டிருந்தார்கள்.

பதினொரு மணி வாக்கில் டீச்சரக்கா வந்தார். பிள்ளைகளைச் சமையல் உதவியாளரிடம் விட்டுவிட்டு, தன் வீட்டை ஒரு எட்டுப் பார்க்க வந்திருக்கிறார். கையில் கிழிந்த காகிதத் துண்டுகள்.

"மூணு பேப்பரு கிழிஞ்சிப் போச்சும்மா. காலையில நல்லாதான் இருந்திச்சு. ஆளுங்கள நிறுத்தச் சொல்லு."

நான் கான்ட்ராக்டரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"டீச்சரக்கா, தெனம் தெனம் இதே பேச்சா? நல்ல காரியம் நடக்கற எடம். கொஞ்ச நேரம் வாய வச்சிக்கினு சும்மா இருங்களேன்."

இதை நான்தான் சொன்னேன். கான்ட்ராக்டர் கூட அப்படிச் சொல்லவில்லை.

அவர் போகவில்லை. தெருவோரம் வெயிலில் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். ஒன்றரை மணி நேரம் நின்றிருப்பார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு வேளை. குழி தோண்டிய ஆண்கள் ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். மனையில் நிழல் என்றால் அந்தச் சுவர் ஓரம் மட்டும்தான். பெண்கள் மண்கூடையைப் போட்டுவிட்டு, தூக்குப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வந்து குழிகளுக்கு நடுவில் சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்கள். "அங்க குந்தாதீங்க, ஏந்திரிங்க," என்று தெருவிலிருந்து டீச்சரக்கா கத்தினார். ஒருத்தி, "இன்னா, நெழலுக்குக் கூடவா காசு கேப்ப?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

டீச்சரக்கா மனைக்குள் ஓடிவந்தார். குழிக்கு மேல் போட்டிருந்த பலகையில் தாவி, திறந்து வைத்திருந்த தூக்குப் பாத்திரங்களை இரண்டு கையிலும் வாரிக்கொண்டார். நான்கு பாத்திரங்கள் அகப்பட்டன. குழம்பு அவர் புடவையெல்லாம் கொட்டியது. வந்த வேகத்திலேயே தெருவுக்கு ஓடினார்.

"ஏய், சோத்தத் தூக்கிக்கினு ஓடுது பாரு! பிடிங்கடி அவள!"

நான்கு பெண்களும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். கான்ட்ராக்டர், "பைத்தியம் முத்திப்போச்சு," என்று சொல்லிக்கொண்டு தானும் வெளியே வந்தார். நானும் வந்தேன். மளிகைக்கடை வாசலில் அவர்கள் டீச்சரக்காவின் முடியைப் பிடித்துவிட்டார்கள். ஒருத்தி அறைந்தேவிட்டாள்.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இடி போல இல்லை. லாரியிலிருந்து மண்ணைச் சரித்துக் கொட்டுவது போல, நிதானமாக, நீளமாக இருந்தது. திரும்பினால் செம்மண் புழுதி. சுவரைக் காணோம். அது இருந்த இடத்தின் வழியே டீச்சரக்கா வீட்டுக் கட்டிலும் சுவர்க் கடிகாரமும் நேராகத் தெரிந்தன.

ஐந்தாவது பெண்ணின் பாத்திரம் டீச்சரக்கா கையில் அகப்படவில்லை. அவள் ஓரமாகத் தண்ணீர் டிரம்மில் கை கழுவிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். சுவரின் கடைசிப் பகுதி அவள் வலது தோளில் விழுந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

மூன்றாம் நாள் தாலுகா ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். மளிகைக்கடை வாசலில் நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். தெருவே கூடி நின்றது.

"மண்சொவுருங்க. பலமே கெடையாது. தானா வுழுந்திச்சு. இதுல எங்க தப்பு ஒண்ணும் இல்லீங்க," என்றார் கான்ட்ராக்டர்.

டீச்சரக்கா முறை வந்தது. "குழிய மொத்தமா தோண்டாதீங்கன்னு மொதல் நாள்லேர்ந்து சொன்னேங்க. அன்னிக்கும் வந்து சொன்னேன்."

"யாருகிட்ட சொன்னீங்க?"

"இந்தம்மாகிட்ட."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட சொன்னாங்களா?"

முந்தின நாள் முழுக்க என் கணவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே விஷயம்தான். சொன்னார்கள் என்று ஒத்துக்கொண்டால் சுவரும் நம் தலையில், அந்தப் பெண்ணின் தோளும் நம் தலையில், வீடு இதோடு நின்றுபோகும். நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டேன்.

"அப்படி ஒண்ணும் சொன்னதா ஞாபகம் இல்லீங்க," என்றேன்.

டீச்சரக்கா என்னிடம் சொன்னதை அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். மளிகைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரக்கா என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியின் பேனா காகிதத்தில் ஓடுவதைப் பார்த்தார். அது நின்றதும், "சரிங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் தரையைப் பார்த்து நடந்தார்.

திறந்து கிடந்த பக்கத்தில் கீற்றுத் தட்டி கட்டிக்கொண்டு முன்னறையில் குடியிருந்தார். யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. முதல் ஒரு வாரம் தெருவுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராக மேலே பார்க்க ஆரம்பித்தார்கள். பல்பக் கோடுகளைத் தேடிப் பார்த்து, விரிசல் தாண்டிவிட்டதா இல்லையா என்று தங்களுக்குள் தர்க்கம் செய்துகொண்டார்கள். ஒரு நாள் மளிகைக்காரரே வாசலில் அவரை நிறுத்தினார்.

"டீச்சர், எங்க உத்தரத்த ஒரு பார்வை பாருங்களேன். தொங்கறாப்பல இருக்குது."

"நல்லாதான் இருக்குதுங்க," என்றார் டீச்சரக்கா, தலையை நிமிர்த்தாமலே.

இதை என் காதால் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் அன்று தப்புத் தப்பாக இணைப்புக் கொடுத்தேன். விழுப்புரம் கேட்டவருக்குக் கடலூர் போயிற்று. வாடகை அறையில் படுத்தால் கூரையே கண்ணில் நின்றது. அந்தப் பெண் கட்டுப்போட்ட தோளோடு தன் ஊருக்குப் போய்விட்டாள் என்றும், வைத்தியச் செலவுக்குக் கான்ட்ராக்டர் கையை விரித்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது என்று என் கணவர் திட்டினார்.

ஒரு நாள் மத்தியானம் பெர்மிஷன் போட்டுவிட்டுப் பால்வாடிக்குப் போனேன். பிள்ளைகள் சோறு தின்றுவிட்டுப் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. டீச்சரக்கா சுவரோரம் உட்கார்ந்து ஒரு குழந்தைக்கு விசிறியால் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"டீச்சரக்கா, நான் அன்னிக்கி பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். மெதுவா பேசு, புள்ளைங்க ஏந்திரிச்சிக்கும்."

"நீங்க எட்டு தரம் வந்து சொன்னீங்க. எல்லாம் ஞாபகம் இருக்குது."

"ஒம்போது தரம்."

எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் விசிறியை நிறுத்தவில்லை.

"வயித்துப்புள்ளக்காரிகிட்ட சொல்லக்கூடாதுதான். ஆனா நீயே வந்து குந்தியிருக்க," என்றார். "நீ வூடு கட்டற எடத்துல ஒரு குடும்பம் இருந்திச்சு. புருசன், பொண்டாட்டி, அந்தப் பொண்ணோட மாமனாரு. அவங்க ஓட்டுத்தண்ணி என் பக்கம் ஊத்துதுன்னு எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் சண்டை. ஆறு மாசமா பேச்சு இல்ல. ஐப்பசி மழை வுட்ட ஒரு சாயங்காலம் துணி ஒணத்த பின்பக்கம் போனேன். அவங்க சமையக்கட்டு சொவுரு வயிறு தள்ளிக்கினு நிக்குது. நல்லா பாத்தேன். சொல்லலாம்னு அவங்க வாசப்படி வரைக்கும் போனேன். உள்ள அந்தப் பொண்ணு எதுக்கோ சிரிச்சிக்கினு இருந்திச்சு. என்னப் பத்திதான் சிரிக்குதுன்னு நெனச்சிக்கினேன். திரும்பி வந்துட்டேன்."

விசிறி நின்றது.

"மறுநாள் காலையில ஏழு மணிக்கு வுழுந்திச்சு. அந்தப் பொண்ணும் மாமனாரும் போய்ட்டாங்க. புருசங்காரன் டீ வாங்க வெளிய போயிருந்தான். அவன் எங்கயோ ஊர விட்டுப் போய்ட்டான்."

புரோக்கர் சொல்லவில்லை. தெருவில் ஒருவரும் சொல்லவில்லை.

"நீங்களும் சொல்லலியே," என்றேன்.

"சொல்லல. அத ஒண்ணத்தான் சொல்லல. சொன்னா வாங்கியிருப்பீங்களா? ஒரு குடும்பம் வந்து, அங்க ஒரு அடுப்பு எரிஞ்சா, அந்தக் குழி மூடிக்கும்னு நெனச்சேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை பல்பத்தூளாக இருந்தது. "நீ சொன்ன பொய்யில யாரும் சாவலம்மா. நான் சொல்லாததுல ரெண்டு உசுரு போச்சு. உம்மேல கோவப்பட எனக்கு இன்னா இருக்குது?"

"அப்ப ஏன் இப்ப யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்றீங்க?"

"சொன்னதயே சொல்லலன்னு ஆக்கிட முடியுதே. அப்பறம் சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னா."

மறுநாள் காலை அந்த அதிகாரியைத் தேடிப் போனேன். என் கணவரிடம் சொல்லவில்லை. டீச்சரக்கா என்னிடம் என்னென்ன சொன்னார், குழிகளை எப்படித் தோண்டினார்கள், நான் அவரை என்ன சொல்லி வாயடக்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"அன்னிக்கே ஏம்மா இத சொல்லல?"

"பயந்துட்டேங்க."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். காகிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் என் கணவர் பயந்தபடியே நடந்தது. கான்ட்ராக்டர் பாதியில் விலகினார். அந்தப் பெண்ணின் வைத்தியத்தை அவரும் நாங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது. எங்கள் வீட்டை மறுபடி தொடங்குவதற்கு முன் டீச்சரக்காவின் சுவரைச் சிமென்ட் வைத்துக் கட்டிக்கொடுத்தோம். மாடி போயிற்று. பால்கனியும் வட்டமும் போயின. "நம்ம தலையில நாமே மண்ண வாரிப் போட்டுக்கினோம்," என்று சொல்லிவிட்டு என் கணவர் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. சுவருக்குச் சுவர் முக்கால் அடி இடைவெளி விட்டு, பக்கத்து வீடுகளின் உயரத்துக்கே, தண்ணீர் தெருவுக்கு ஓடும்படி முன்பக்கம் சரிவாக ஓடு பதித்து ஒரு வீடு எழுந்தது. அழகுக்காக அப்படிக் கட்டவில்லை. கையில் இருந்ததற்கு அதுதான் முடிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எது புதிய வீடு என்று சட்டென்று தெரியவில்லை.

கிரகப்பிரவேசத்தின்போது என் மகளுக்கு நான்கு மாதம். தோள் முறிந்த பெண்ணுக்கும் ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தேன், வந்திருந்தாள். டீச்சரக்காவை நேரில் போய் அழைத்தேன். வந்து கூடத்து மூலையில் உட்கார்ந்துகொண்டார். தெருக்காரர்கள் எல்லாரும் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. இந்த மனையில் நடந்த சாவைப் பற்றிய பேச்சு எப்போது வெளியே வருமோ என்ற பயம் அவர்கள் முகத்தில் இருந்தது. என் கணவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. சொல்ல வாயெடுப்பேன், குழந்தையைப் பார்ப்பேன், விழுங்கிவிடுவேன்.

பால் பொங்கியது. என் மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எவ்ளோ கஷ்டம் வந்தாலும் எழும்பி நின்னுடுச்சு பாரு. ராசியான எடம்யா இது. நல்லா வாழ்ந்தவங்க இருந்த எடம்," என்றார் சத்தமாக.

மளிகைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். டீச்சரக்கா மெதுவாக எழுந்து வாசலை நோக்கி நடந்தார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றேன்.

"இங்க ரெண்டு பேரு செத்துப்போயிருக்காங்க," என்று என் கணவரிடம் சொன்னேன். "வூடு வுழுந்து செத்தாங்க. ஒரு பொண்ணும், அவ மாமனாரும். தெரிஞ்சிக்கினே உங்ககிட்ட இத்தினி நாளா மறைச்சேன்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். நல்ல நாளில் இப்படிப் பேசுகிறவள் குடும்பத்துக்கு ஆவாளா என்று கத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலே பஸ் ஏறப் போய்விட்டார். என் கணவர் அவர் பின்னால் போகவில்லை. முகம் வெளுத்து, அடுப்பில் பொங்கி வழிந்த பாலைப் பார்த்தபடி நின்றார். பிறகு வாசலில் நின்றுவிட்ட டீச்சரக்காவிடம் போனார். அவர் வீட்டுச் சுவர் விழுந்ததிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"அவங்க பேரு இன்னாங்க?"

டீச்சரக்கா இரண்டு பேரையும் சொன்னார். என் கணவர் அந்தப் பெயர்களைத் தானும் வாய்விட்டுச் சொல்லிக் கற்பூரம் ஏற்றினார். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து கும்பிட்டார்கள்.

பந்தி போட்டபோது டீச்சரக்கா தோள் முறிந்த பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்கு வலது கை இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை. உடம்பை வளைத்து இலைக்கு வாயைக் கொண்டுபோனாள். டீச்சரக்கா தன் இலையை ஒதுக்கிவிட்டு, அவள் இலையில் சோற்றைப் பிசைந்தார்.

"உன்ன மட்டும் வுட்டுட்டு வந்துட்டேனேம்மா," என்றார்.

"நாலு பேர இழுத்துக்கினு ஓடுனியேக்கா. உனக்கு இன்னும் எத்தினி கை இருக்குது?" என்றாள் அவள்.

டீச்சரக்கா சோற்றை உருட்டி அவள் இடது கையில் வைத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை உருட்டி உருட்டி வைத்துக்கொண்டே இருந்தார்.